டெக்ஸ்ட் ஃபைலில் சொல் தேடுதல்

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் உள்ள சுமார் 4,000 நூல்களின் பெயர், ஆசிரியர், அலமாரி எண் ஆகியவற்றை, வரிக்கு ஒரு நூலாக ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். பிஹெச்பி நிரல்மொழியில், சொல்லின் இடத்தைத் தேடும் ஸ்டர்பாஸ் என்ற கட்டளை கொண்டு அதில் தேடும்போது, 'மரம்' என்ற சொல் வரியின் நடுவில் இருந்தால் கிடைக்கிறது. வரியின் முதற்சொல்லாக இருந்தால் கிடைப்பதில்லை. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துக்கு மாறத்தான் வேண்டுமா? — ஒரு வாசகர்

பதில்: மாற வேண்டியதில்லை. இந்த அளவுள்ள ஃபைலை ஒவ்வொரு தேடலுக்கும் முதலிலிருந்து படித்தாலும், தேடுபவர் தாமதத்தை உணர மாட்டார். எஃப்கெட்ஸ் கொண்டு வரி வரியாகப் படித்தால், ஃபைல் பின்னர் பெருத்தாலும் நினைவகம் நிரம்பாது.

ஸ்டர்பாஸ், தேடிய சொல் தொடங்கும் இடத்தை எண்ணாகத் தருகிறது; சொல் இல்லையெனில் ஃபால்ஸ் ('இல்லை') என்ற மதிப்பைத் தருகிறது. வரியின் தொடக்கத்திலேயே சொல் இருந்தால் அந்த எண் 0; இஃப் நிபந்தனையோ 0 என்பதை 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே விடையை !== குறியால் ஃபால்ஸுடன் ஒப்பிடுங்கள். 2020இல் வெளிவந்த பிஹெச்பி 8.0 முதல் உள்ள ஸ்டர்_கன்டெய்ன்ஸ் 'உண்டு', 'இல்லை' என்று மட்டுமே சொல்வதால், அதையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் தேடுபெட்டி காலியாக இருந்தால் அது எல்லா வரிகளையும் 'உண்டு' என்றுவிடும்; காலியா என்பதை முன்னதாகவே சோதித்துவிடுங்கள்.

தமிழ் நூற்பட்டியலில் உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 'மரம்' என்று தேடினால் 'மரத்தடியில்', 'மரங்கள்' ஆகியவை அகப்படாது. அதற்காக 'மர' என்று சுருக்கித் தேடினால், அவற்றோடு 'மருந்து', 'மரியாதை', 'மர்மம்' ஆகியவையும் வந்து குவியும். யூனிகோடில் 'ரு' என்பது ஒரே எழுத்தாக அன்றி, 'ர' என்ற குறியீடும் அதையடுத்து உகரக் குறியீடுமாகச் சேமிக்கப்படுவதால், கணினியின் கணக்கில் 'மருந்து' என்ற சொல்லுக்குள் 'மர' முழுமையாகவே இருக்கிறது. புள்ளியும் அவ்வாறே தனிக் குறியீடுதான். இதைத் தவிர்க்க, எழுத்துகளை யூனிகோடாகப் படிக்கச் சொல்லும் யு கொடியுடன், வடிவக்கோவை கொண்டு தேடும் பிரெக்_மேட்ச் பயன்படுத்தி, பொருந்திய இடத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வரக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். அப்போது 'மரத்தடியில்' நிற்கும், 'மருந்து' விலகும். 'மரபு' போன்ற சொற்கள் மட்டும் உடன்வரும். அவற்றை இவ்வளவு எளிய நிரலால் பிரித்தறிய முடியாது, பொறுத்துக்கொள்ளலாம். தேடுசொல்லை வடிவக்கோவையில் சேர்க்குமுன், அதிலுள்ள சிறப்புக் குறிகளை வெறும் எழுத்தாக்கும் பிரெக்_கோட் வழியாகச் செலுத்துவது கட்டாயம்.

'கொடி' போன்ற சொற்களிலும் கவனம் தேவை. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றினாலும், தேடல் ஒன்றை மற்றொன்றாக ஏற்காது. இன்ட்எல் நீட்சியிலுள்ள நார்மலைசர் கொண்டு, தேடுசொல்லையும் ஃபைலின் வரியையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள்.

கிடைத்த வரிகளையும், பயனர் தட்டிய சொல்லையும் பக்கத்தில் காட்டுமுன், <, > போன்ற குறிகளை வெறும் எழுத்தாக மாற்றும் ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் வழியாகவே வெளியிடுங்கள். இல்லையெனில் தேடுபெட்டியில் இடப்படும் ஸ்கிரிப்ட் அப்படியே பிரவுசரில் இயங்கிவிடும்.