மகனின் இன்சுலினும் குறையாத அட்டைக் கடனும்

கேள்வி: பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஒன்பது வயது மகனுக்கு முதல் வகை நீரிழிவு. அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் பிள்ளை பாழாகிவிடுவான் என்று அக்காள் சொன்னதால் தனியாரிடம் காட்டுகிறோம். உடலில் ஒட்டிச் சர்க்கரை அளவைக் காட்டும் சென்சருக்கு 260 ரிங்கிட் உட்பட மாதம் 700 ரிங்கிட் கடன் பற்று அட்டையில் போகிறது. நிலுவை 18,000 ரிங்கிட். குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். இனிப்புக் கொடுத்துக் கெடுத்தவள் என்று என் அம்மா சொன்னதிலிருந்து மனைவி சரியாகத் தூங்குவதில்லை, வேலையையும் விட்டுவிட்டார். மகளின் டியூஷனை நிறுத்திவிட்டோம். மகனுக்கு மாதம் 280 ரிங்கிட்டில் முதலீட்டுக் காப்புறுதி எடுக்கலாமா?

பதில்: காப்புறுதிக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது "தவறாமல் கட்டுகிறேன்" என்பதுதான். தவறாமல் கட்டுவோருக்கு உரிய ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியையே எடுத்துக்கொண்டாலும், 18,000 ரிங்கிட்டுக்கு மாத வட்டி 225. நிலுவையில் 5 விழுக்காடாக நீங்கள் கட்டுவது 900. அதே மாதம் மீண்டும் தேய்ப்பது 700. ஆக, மாத முடிவில் கடன் 25 ரிங்கிட் கூடியிருக்கிறது. ஓராண்டில் ஏறத்தாழ 10,800 ரிங்கிட் கட்டியும் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். இனி தேய்ப்பதில்லை என்று முடிவெடுத்து, அதே 900 ரிங்கிட்டைக் குறைக்காமல் கட்டினால் இரண்டே ஆண்டில் கடன் தீரும்.

அக்காளின் அச்சம் பாசத்தில் பிறந்தது என்றாலும் அதற்கு விலை கொடுப்பது உங்கள் குடும்பம். செபராங் ஜெயா மருத்துவமனையில் குழந்தை நலப் பிரிவு இருக்கிறது. அரசாங்கச் சிறப்பு மருத்துவப் பிரிவில் குடிமக்களுக்கு முதல் வருகைக்குப் பிறகு ஒவ்வொரு வருகைக்கும் 5 ரிங்கிட்தான், இன்சுலினும் அங்கேயே கிடைக்கும். காத்திருக்கும் நேரம் அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. இப்போதைய மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி, அங்கே முதல் சந்திப்பு முடியும்வரை இங்குள்ள சிகிச்சையை ஒரு நாளும் விடாதீர்கள்.

உங்கள் அம்மாவிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். முதல் வகை நீரிழிவு இனிப்பினால் வருவதன்று. உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வருவது. உங்கள் மனைவி மீது எந்தப் பழியும் இல்லை. அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, உறங்கும் பிள்ளையின் சர்க்கரை அளவைப் பார்த்து, அது இறங்கியிருந்தால் தலைமாட்டில் இருக்கும் பழச்சாற்றை அரைத்தூக்கத்தில் அவன் வாயில் வைக்கும் தாய்க்கு, பகலில் குற்றச்சாட்டும் கேட்க வேண்டுமா? இப்படிப்பட்ட குற்ற உணர்வுதான் பல பெற்றோரை, செலவு கூடினால் பாசமும் கூடும் என்பதுபோல அட்டையை நீட்ட வைக்கிறது. அந்தச் சுமையின் ஒரு பகுதி, ஒன்றும் சொல்லாமல் டியூஷனை விட்டுக்கொடுத்த மகளின் தலையில் விழுந்திருக்கிறது.

காப்புறுதி வேண்டாம். ஏற்கெனவே கண்டறியப்பட்ட நோய்க்கு இத்தகைய திட்டங்கள் பொதுவாக இழப்பீடு தருவதில்லை; நோயை மறைத்து விண்ணப்பித்தால் பின்னர் கோரிக்கையே நிராகரிக்கப்படலாம். முதலீடு என்ற சொல்லைச் சேர்த்துவிட்டதால் அது சேமிப்பாகிவிடாது. அந்த 280 ரிங்கிட்டில் மகனின் சென்சரை ரொக்கமாக வாங்குங்கள். சென்சர் அவனுக்கும் உங்கள் மனைவியின் தூக்கத்துக்கும் உண்மையாகப் பயன்படும் பொருள்.

ஊழியர் சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து 2024 மே முதல் எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அட்டையைத் தேய்ப்பதை நிறுத்தும்வரை அதைத் தொடாதீர்கள். தொட்டால் அந்தப் பணமும் இதே ஓட்டை வழியாகப் போகும்.

மாதம் 900 ரிங்கிட் மூச்சு முட்டுகிறது என்றால், மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய ஏகேபிகே எனும் கடன் ஆலோசனை நிறுவனத்தை அணுகுங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வங்கியுடன் பேசி வட்டியைக் குறைத்துத் தவணையை நீட்டிக்கும் திட்டம் அங்கே உண்டு. அதில் மாதம் எவ்வளவு மிச்சமானாலும் முதலில் மகளின் டியூஷனை மீண்டும் தொடங்குங்கள். போகும்போது சம்பளச் சீட்டையும் மூன்று மாத அட்டை அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு, மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.