ஸ்மோல்ட்ஸைக் கொடுத்தவர்கள்

அன்புள்ள சார்,

மிச்சிகனில், ட்ராயில் இருக்கிறேன். வந்த முதல் வருடம் பேச ஆள் இல்லாமல் டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டம் பார்க்க ஆரம்பித்தேன். இப்போது பன்னிரண்டு வயது மகனும் சேர்ந்துகொண்டான். அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் பழைய பேஸ்பால் ட்ரேடுகளுக்கு மார்க் போடுவது அவன் பொழுதுபோக்கு. 1987-இல் டைகர்ஸ், பின்னால் பெரிய பிட்சர் (பந்து வீசுபவர்) ஆன ஜான் ஸ்மோல்ட்ஸை அட்லாண்டாவுக்குக் கொடுத்து டாயில் அலெக்ஸாண்டரை வாங்கியதற்குப் பூஜ்யம் போட்டான். நானும் அதைத்தான் போடுவேன். இப்படியும் ஏமாறுவார்களா? ஒரு ட்ரேடுக்கு மார்க் போட எத்தனை வருடம் பொறுக்க வேண்டும்? சம்பளச் செலவையும் சேர்க்க வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

சம்பளக் கணக்கு எனக்கு அலுப்பு, விட்டுவிடுவோம். பேச ஆள் இல்லாத அந்த முதல் வருடம் எனக்கும் தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் உங்கள் ஊர்ப் பக்கம்தான். ரேடியோவில் டைகர்ஸ் வர்ணனை கேட்டுத்தான் அமெரிக்க ஆங்கிலம் என் காதுக்குப் பழகியது. பிள்ளையும் கூட உட்கார்ந்து பார்க்கிறான் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

ஆனால் பூஜ்யமா? விடைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவும் பிள்ளையும் வாத்தியார் வேலை பார்க்கிறீர்கள். ஏமாந்தவர்கள் என்று எழுதும்போது கை கொஞ்சம் கூச வேண்டாமா?

1987 ஆகஸ்ட் 12 அன்று டைகர்ஸ் கொடுத்தது யாரை? க்ளென்ஸ் ஃபால்ஸில், டபுள்-ஏ என்ற கீழ்நிலை லீக் அணியில் வீசிக்கொண்டிருந்த இருபது வயதுப் பையனை. அந்த சீசனில் 4 வெற்றி, 10 தோல்வி, ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) 5.68. வாங்கியது யாரை? வேகம் போய், தந்திரம் மட்டும் மிஞ்சிய 36 வயது பிட்சரை. அவர் 11 ஆட்டங்களில் இறங்கினார். 9 வெற்றி, தோல்வியே இல்லை, ஈ.ஆர்.ஏ. 1.53.

இந்த எண்கள்கூடப் போதாது. செப்டம்பர் 27, ஞாயிறு, டொராண்டோ. முந்தைய மூன்று நாளும் அங்கேயே ஒவ்வொரு ரன்னில் தோற்று, டைகர்ஸ் முதலிடத்தில் இருந்த டொராண்டோவைவிட மூன்றரை ஆட்டம் பின்தங்கியிருந்தது. மிச்சம் ஒரு வாரம். ஒன்பதாவது இன்னிங்ஸில் கிர்க் கிப்ஸன் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். அலெக்ஸாண்டரோ பதினோராவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆகும்வரை பந்து வீசும் மேட்டை விட்டு இறங்கவில்லை. பதின்மூன்றாவதில் 3-2 வெற்றி. அடுத்த வெள்ளி டெட்ராய்ட்டில் அதே டொராண்டோவை அவரே வீசி 4-3 என்று வென்றார். ஞாயிறு ஃப்ராங்க் தனானா வீசி 1-0 வெற்றி. கடைசியில் இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் கிழக்குப் பிரிவுப் பட்டம். அலெக்ஸாண்டர் இல்லாமல் இது நடந்திருக்குமா? ப்ளே ஆஃபில் மின்னசோட்டாவிடம் 4-1 என்று உதை வாங்கினார்கள், அவர் இறங்கிய இரண்டு ஆட்டமும் போயின. சரி, அதை ஆகஸ்டிலேயே கண்டவர் யார்?

இன்னொன்று. ஸ்மோல்ட்ஸ் டெட்ராய்ட்டில் இருந்திருந்தாலும் அதே ஸ்மோல்ட்ஸாக ஆகியிருப்பார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? 1988-இல் 106 ஆட்டம் தோற்ற அணி அட்லாண்டா. அவர் அடி வாங்கிக்கொண்டே தொழில் கற்க அங்கே இடம் இருந்தது. 1991 பாதி சீசனில் 2 வெற்றி, 11 தோல்வி. அப்போதும் உட்கார வைக்கவில்லை. விளையாட்டு உளவியலாளர் ஒருவரோடு உட்கார்ந்து பேசினார், மீதி சீசனில் 12-2. 213 வெற்றி, 154 சேவ் (கடைசியில் இறங்கி வெற்றியைக் காப்பது), ஹால் ஆஃப் ஃபேம் எல்லாம் அந்தப் பொறுமைக்குப் பின்னால் வந்தவை.

அந்த 1991-இன் இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தை அலுவலக நண்பர் ஒருவர் வீட்டில் பார்த்தேன். டெட்ராய்ட்டில் பிறந்து வளர்ந்தவர். ஒரு பக்கம் ஸ்மோல்ட்ஸ், எதிர்ப்பக்கம் முந்தைய வருடம்வரை டைகர்ஸில் இருந்த ஜாக் மோரிஸ். எட்டாவது இன்னிங்ஸில் ஸ்மோல்ட்ஸை வெளியே எடுக்கும்போதும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். நண்பர் வேர்க்கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்து நின்று கைதட்டினார். "வயிறு எரியவில்லையா?" என்றேன். "அந்த 1-0 ஆட்டத்துக்கு நான் நேரில் போயிருந்தேன்" என்றார். மேற்கொண்டு பேசவில்லை.

பூஜ்யம் போட்டே ஆகவேண்டும் என்றால் பாஸ்டனுக்குப் போடுங்கள். 1990-இல் டபுள்-ஏயில் .333 சராசரியில் அடித்துக்கொண்டிருந்த ஜெஃப் பேக்வெல்லைக் கொடுத்து, 37 வயது லாரி ஆண்டர்ஸனிடமிருந்து 22 இன்னிங்ஸ் வாங்கினார்கள். பையன் அன்றைக்கே நன்றாக ஆடிக்கொண்டுதான் இருந்தான்.

எத்தனை வருடம் பொறுக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா, மறந்தே போனேன். ஒரு நாள்கூட வேண்டாம், அன்று சாயங்காலமே போடலாம். மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். 2007 டிசம்பரில் டைகர்ஸ் ஆறு இளைஞர்களைக் கொடுத்து மார்லின்ஸ் அணியிடமிருந்து மிகெல் கப்ரேராவையும் டான்ட்ரெல் வில்லிஸையும் வாங்கியது. அந்த ஆறில் ஆண்ட்ரூ மில்லரும் கேமரன் மேபினும் நாடே பேசிக்கொண்டிருந்த பையன்கள். மில்லர் பின்னால் பெரிய ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் இறங்கும் பிட்சர்) ஆனார், ஆனால் மார்லின்ஸில் அல்ல. எட்டுப் பேர் பெயரையும் மறைத்துவிட்டு, அந்தத் தேதிவரைக்குமான எண்களை மட்டும் காட்டுங்கள். அவன் என்ன மார்க் போடுகிறான் என்று எனக்கு எழுதுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது.