அம்மாவின் வளையல்தான் ஜாமீனா?

கேள்வி: எனக்கு 29 வயது. குழித்துறையிலிருந்து தினமும் ரயிலில் கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போய் வருகிறேன். வேலையை விடாமல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் கணினி அறிவியல் முதுகலை படிக்க ஆசை. பதவி உயர்வு வருமா? ரயிலில் கிடைக்கும் நேரம் படிக்கப் போதுமா? அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டும் வேலை. முழுக் கட்டணத்தையும் முதலிலேயே புரட்டிவிட்டால் பாதியில் விட மாட்டேன் என்பதால் அம்மாவின் வளையலைப் பணயம் வைக்கப் போகிறோம். அம்மாவுக்கும் சம்மதம். "இது கெடந்து என்னத்துக்கு மக்களே" என்றார்கள்.

பதில்: தம்பி, பதவி உயர்வை உங்கள் மேலாளரிடம் கேளுங்கள். ரயில் நேரம் போதாது. வீடியோ பாடத்தைக் காதில் மாட்டிக் கேட்கலாம்; நெய்யாற்றின்கரையில் கூட்டம் ஏறிய பிறகு நின்றுகொண்டு புரோகிராம் எழுத முடியாது. சனி, ஞாயிறு போய்விடும்.

எனக்கு உறுத்துவது அந்த வளையல்.

அந்தப் படிப்புக்கு 10 பாடங்கள், முடிக்க 6 ஆண்டு அவகாசம். 2014-ல் தொடங்கியபோதே மொத்தச் செலவு 7,000 டாலருக்குள் என்றுதான் அறிவித்தார்கள். பணமும் செமஸ்டருக்குச் செமஸ்டர், எடுக்கிற பாடத்துக்குக் கட்டினால் போதும். மொத்தமாகக் கொண்டா என்று கல்லூரி கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்கிறீர்கள், அதுவும் அம்மாவிடம். பாதியில் விட்டுவிடுவோமோ என்ற பயம் உங்களுக்கு, அதற்கு வெறுங்கையோடு இருக்க வேண்டியது அவர்களா?

வெட்டுக்காரர் வீட்டில் வளையல் எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? எடவப்பாதி மழை பிடித்தால் பல நாள் வெட்டு கிடையாது. பால் இல்லை, ஷீட் இல்லை, பலசரக்குக் கடையில் பற்று ஏறும். அப்போது மார்த்தாண்டத்தில் கொண்டுபோய் வைத்து, மழை விட்டதும் மீட்கிற பொருள் அது. உங்கள் படிப்புக்காக அது வருடக்கணக்கில் பணயத்தில் கிடந்தால் அடுத்த மழைக்கு எதை வைப்பார்கள்? வட்டி யார் கட்டுவது? கடிதத்தில் ஒரு வரி இல்லை. உங்கள் சம்பளம் எங்கே போகிறது என்பதற்கும் இல்லை. புதுச் சேலை வேண்டாம் என்றபோதும் அம்மா இதே குரலில்தான் "என்னத்துக்கு மக்களே" என்றிருப்பார்கள். அதற்குச் சம்மதம் என்று பெயர் வைத்தது நீங்கள்.

சம்பாதிக்கிற பிள்ளையின் மேற்படிப்புச் செலவு பெற்றவர்கள் கடமை அல்ல. இவள் பழைய காலத்து ஆள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சேர்ந்த முதல் 12 மாதத்துக்குள் இரண்டு அடிப்படைப் பாடங்களில் 'பி' கிரேடாவது வாங்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்த இரண்டுக்கும் உங்கள் சம்பளத்திலிருந்து கட்டுங்கள். தேறினால் மூன்றாவதுக்குக் கட்டுங்கள். தேறாவிட்டால் நஷ்டம் உங்களோடு போகட்டும்.

வளையலை இதற்குள் வைத்தாயிற்று என்றால், அடுத்த சம்பளத்திலிருந்தே அதை மீட்கத் தொடங்குங்கள். விண்ணப்பம் அதற்குப் பிறகு.