11 எப்படி 4 ஆனது?

கேள்வி: பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். அக்கா மகளுக்கு ஆறு வயது, அரிவாள் செல் சோகை உண்டு. போன மாதம் திடீரென்று வலது கையும் காலும் விழுந்து, பேச்சு குழறியது. எல்லை தாண்டி வயநாட்டில் சேர்த்தோம். 'பெட் என்.ஐ.எச்.எஸ்.எஸ்.' என்று போட்டு, சேர்த்த அன்று 11, வீட்டுக்கு அனுப்பும்போது 4 என்று எழுதியிருக்கிறார்கள். குறைந்துவிட்டதே, மோசமாகிவிட்டதா?

பதில்: பள்ளிக்கூட மார்க் மாதிரி படித்துவிட்டீர்கள். இது பிள்ளைகளுக்கு வந்த பக்கவாதம் எவ்வளவு கடுமை என்று அளக்கும் கணக்கு, நேர் எதிர். பிள்ளையால் எது முடியவில்லையோ அதற்குத்தான் இங்கே புள்ளி. பூஜ்யம் என்றால் பரிசோதித்ததில் குறை தெரியவில்லை, உச்சம் 42. உங்கள் அக்கா மகள் நன்றாகத் தேறியிருக்கிறாள்.

பெரியவர்களுக்கான பக்கவாத அளவுகோலை 2 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்காக மாற்றியதுதான் இது. பெரியவரிடம் "இது என்ன மாதம்?" என்போம். சின்னப் பிள்ளையிடம் "உனக்கு எத்தனை வயசு, விரலில் காட்டு", "அம்மா எங்கே?" என்று கேட்போம். கையை 10 விநாடி, காலை 5 விநாடி தூக்கிப் பிடிக்கச் சொல்லி, மெல்லத் தாழ்கிறதா, பொத்தென்று விழுகிறதா என்று பார்ப்போம். பார்வை, முகக் கோணல், தொடுஉணர்வு, பேச்சு எல்லாம் உண்டு. பழகாத மொழியில் கேட்டால் பிள்ளை விழிக்கும். அது பேச்சுக் குறையாகப் பதிவாகிவிடக் கூடாது. அடுத்த முறை வீட்டு மொழி பேசுகிற ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

அந்த 4 எங்கே விழுந்தது என்று டாக்டரிடம் கேளுங்கள். கையில் மட்டுமா, பேச்சிலும் உண்டா? பயிற்சி அதைப் பொறுத்தது. பொத்தான் போடுவது, பென்சில் பிடிப்பது, பாடத்தில் கவனம், இவற்றை இந்த எண் சரியாகக் காட்டாது. நீங்கள்தான் கவனித்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு 4-ஐவிடப் பெரிய கவலை வேறு. அரிவாள் செல்லால் வந்த பக்கவாதம் திரும்ப வரக்கூடியது. அதைத் தடுக்க, அரிவாள் ஹீமோகுளோபினை (ரத்தத்தில் இந்த நோய்க்குக் காரணமான மாறுபட்ட ஹீமோகுளோபின்) 30 சதவீதத்துக்குக் கீழே வைக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுவார்கள். பிள்ளை ஓடியாடுகிறாளே என்று அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். கூடப் பிறந்தவர்களுக்கும் இதே சோகை இருந்தால், 2 வயதிலிருந்து 16 வரை ஆண்டுதோறும் தலை ரத்தக்குழாய் டாப்ளர் பரிசோதனை (ரத்த ஓட்ட வேகத்தைப் பார்க்கும் ஸ்கேன்) வேண்டும்.

அப்புறம், மறுபடி வாய் கோணினாலோ, ஒரு பக்கம் தளர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ தண்ணீர்கூடக் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் 11, 4 என்று எழுதித் தந்த சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். 4 என்ற பழைய கணக்கு தெரிந்தால்தான் புதிதாக எது கெட்டது என்று பிடிபடும்.