சுமைதாங்கிக் கல்லும் சாலை விரிவாக்கமும்

அன்புள்ள அண்ணாச்சி,

எங்கள் ஊர் முக்கில், வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறும் பழைய சுமைதாங்கிக் கல் ஒன்று நிற்கிறது. சாலையை அகலப்படுத்துவதற்காக அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். இளைஞர்கள் சிலர் சேர்ந்து, பணம் பிரித்து, கல்லைச் சுற்றி சிமெண்ட் மேடை கட்டி பெயின்ட் அடித்துவிட்டால் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்கிறோம். தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும் என்கிறார்கள் பெரியவர்கள். எது சரி?

ஒரு வாசகர், கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

பெயின்ட் வேண்டவே வேண்டாம். சிமெண்டும் வேண்டாம். சிமெண்ட் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். உப்புப் பூத்துக் கல் பொரிந்து உதிரும். அதைவிட மோசம், எழுத்து மூடிப்போவது. பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது நம் பக்கத்து வழக்கம். பெயரும் ஆண்டும் சில கற்களில் வெட்டப்பட்டிருக்கும். இரவில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்; பகலில் தெரியாத கீறலும் நிழல் விழுந்து எழுத்தாகத் தெரியும். ௲௫௰ என்று தமிழ் எண்ணில் இருந்தால் அது நம் பக்கத்தில் வழங்கிய கொல்லம் ஆண்டு 1050, அதாவது கி.பி. 1874-75. சாக்பீஸால் தேய்க்காதீர்கள்.

தொல்லியல் துறைக்குக் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் கல் போய்விடும். 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் காப்பது அரசு அறிவிக்கை செய்த சின்னங்களை. சிதறால் மலைக்கோயில் போன்றவை மத்திய தொல்லியல் துறையின் பொறுப்பு. முக்குக்கு முக்கு நிற்கும் சுமைதாங்கி, கல்தொட்டி, வழிப்போக்கர் தங்கும் வழியம்பலம் எல்லாவற்றையும் எந்தத் துறையும் வந்து காவல் காக்காது. அவற்றை ஊர்தான் காக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஊர் என்றால் இளைஞர் மன்றம் மட்டுமல்ல.

கூடிக் காப்பது நம் மாவட்டத்துக்குப் புதிதா என்ன? 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், தேவாரக்கட்டு சரஸ்வதியும் திருவனந்தபுரம் எழுந்தருளும்போது இரு மாநிலப் போலீசாரும் உடன் போகிறார்கள். ஆனாலும் அந்த ஊர்வலத்தை இத்தனை காலம் உயிரோடு வைத்திருப்பவர்கள், வழிநெடுகத் தட்டம் வைத்து வரவேற்கும் ஊர்க்காரர்கள்.

ஆகவே உங்கள் ஊரில் முதல் வேலை ஆவணம். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, கல் நிற்பது எந்த சர்வே எண்ணில், சாலைப் புறம்போக்கா பட்டா நிலமா என்று குறித்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் படம், நீள அகல உயரம், எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பதும் வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டிமார் சொல்வதைப் பதிவுசெய்யுங்கள். தலைச்சுமையாக உப்பும் மீனும் கருப்பட்டியும் எந்த வழியாகப் போயின என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பள்ளி ஆசிரியர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் இந்த வேலையைப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள்.

பிறகு தீர்மானம். ஊராட்சி என்றால் கிராம சபையில் வையுங்கள்; நவம்பர் 1 அன்றும் சபை கூடுகிறது. நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் அதிகம். உங்களுடையதும் அப்படியென்றால் வார்டு உறுப்பினர் மூலம் பேரூராட்சி மன்றத்தில் கொண்டுவாருங்கள். அந்தத் தீர்மானத்தின் நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கும் ஒரு பிரதி போகட்டும். சாலையே வேண்டாம் என்று எழுதாதீர்கள். ஆம்புலன்ஸ் போக வழி வேண்டும் என்பவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். கல்லைச் சில அடி தள்ளி, அதே சாலையோரத்தில், அதே திசை பார்த்து மறுபடி நாட்டித் தரும்படி கேளுங்கள். அருங்காட்சியகம் கடைசி வழி. சுமைதாங்கிக்குப் பாதைதான் இடம்.

கழற்றி நாட்டும் நாளில் ஜேசிபிக்காரரிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். மயிலாடியிலிருந்து கல்தச்சர் ஒருவரை அழைத்து வாருங்கள்; அந்தச் செலவுக்கு உங்கள் வசூல் உதவும். எழுத்து ஏதும் தென்பட்டால் படத்தை எனக்கு அனுப்புங்கள், வட்டெழுத்து என்னும் பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டுகிறேன்.