கார்னேஷன் தண்டு ஏன் அழுகுகிறது?

கேள்வி: அன்னையர் தினத்துக்கு மகள் கார்னேஷன் பூச்செடித் தொட்டி ஒன்று வாங்கித் தந்தாள். அதிலிருந்து தண்டு வெட்டி நட்டு, பிளாஸ்டிக் பையால் மூடி வைத்தேன். இரண்டு முறையும் பத்து நாளில் அடி கறுத்து அழுகிவிட்டது. என்ன தவறு? - ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: முதலில் அந்தப் பையை எடுங்கள். செம்பருத்திக்குச் சரிப்படும் வைத்தியம் இதற்கு ஆகாது. கார்னேஷன் இலையை விரலால் தேய்த்துப் பாருங்கள், சாம்பல் பூத்தாற்போன்ற ஒரு பூச்சு கையோடு வரும். அது மெழுகு. மத்தியதரைக் கடலோரத்துச் செடி, வறண்ட கோடையைத் தாங்க இலையிலேயே ஈரத்தைப் பூட்டி வைத்திருக்கிறது. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்துப் புழுக்கத்தில் பையும் போட்டு மூடினால் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம்.

அடுத்து, எந்தத் தண்டை எடுத்தீர்கள் என்பது. பூ விட்ட தண்டும் மொட்டு வைத்த தண்டும் வேண்டாம். செடியின் நடுப்பகுதியில், இலைக் கணுவிலிருந்து கிளம்பியிருக்கும் பூக்காத பக்கத் துளிர்தான் வேர் பிடிக்கும். 8 முதல் 10 செ.மீ. நீளம், நான்கைந்து ஜோடி இலை போதும். கணுவுக்குச் சற்றுக் கீழே சுத்தமான கத்தியால் வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். வெட்டிய இடம் உள்ளே பழுப்பாகத் தெரிந்தால் தாய்ச் செடிக்கே வாடல் நோய் இருக்கலாம். அதிலிருந்து எதையும் எடுக்காதீர்கள்.

தேங்காய் நார்த்தூள் மட்டும் வேண்டாம், தண்ணீரை விடவே விடாது. பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல் துகள்) கரடுமுரடான மணலும் சம அளவு. வேர் விடத் தூண்டும் வேர்த்தூளில் தண்டின் வெட்டிய அடியைத் தொட்டு, தட்டி உதறிவிட்டு, 2 செ.மீ. ஆழம் மட்டும் ஊன்றுங்கள். ஆழமாகப் புதைத்தால் அழுகல் நிச்சயம்.

வைக்கும் இடம்தான் இங்கே பெரிய தலைவலி. இரவில் ஏர்கான் ஓடும் படுக்கையறை, வெயில் நேராக விழாத வெளிச்சமான ஜன்னலோரம் நல்லது. ஏர்கான் காற்று நேராக அடிக்கக் கூடாது. மேல்மணல் காய்ந்த பிறகே தண்ணீர். மூன்று, நான்கு வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள், பிடித்து நின்றால் வேர் வந்துவிட்டது. சிறு தொட்டிக்கு மாற்றி, காலை வெயில் படும், மழைச்சாரல் படாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஆறு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளை விடும். அடித்தட்டில் தேங்கும் நீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள். செடிக்கும் கேடு, ஏடிஸ் கொசுவுக்கும் தொட்டில்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் இதைக் குளுகுளு கேமரன் மலையில்தான் பயிரிடுகிறார்கள். நம் வெக்கையில் தாய்ச் செடி பல ஆண்டு தாங்காது. பூ சிறுக்கும், தண்டு மெலியும். அதனால் செடி செழிப்பாக இருக்கும் இப்போதே ஆறேழு துளிர் எடுத்துவிடுங்கள். இரண்டு பிழைத்தாலும் லாபம்தான்.