கூட்டாக ஆடும் திகில் பலகை விளையாட்டில் ரகசியக் குறிக்கோள் அட்டைகள் எதற்கு, அவை எப்படிச் செயல்படுகின்றன?

எல்லோரும் ஒரே பக்கம் நின்று அரக்கர்களை எதிர்க்கும் விளையாட்டில் ஆளுக்கொரு ரகசியக் குறிக்கோள் எதற்கு என்பதும், கையில் இரண்டு அட்டைகள் இருந்தால் எதை எப்போது கழிக்க வேண்டும் என்பதும் கேள்வி. ‘நெமசிஸ்’ விளையாட்டை வைத்தே பதில் சொல்கிறேன். இந்த வகையில் நான் அதிகம் ஆடியது அதுதான். அதன் குறிக்கோள் விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு முழுதாக இரண்டு ஆட்டங்களை வீணடித்த அனுபவமும் எனக்கு உண்டு.

போலந்தின் அவேக்கன் ரியல்ம்ஸ் நிறுவனத்துக்காக ஆடம் க்வாபின்ஸ்கி வடிவமைத்த இந்த விளையாட்டுக்கு 2018-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதி இணையதளம் வழியாகப் பணம் திரட்டப்பட்டது. 5 பேர் வரை ஆடலாம். விண்கலம் ஒன்றின் ஊழியர்கள் நீண்ட உறக்கத்திலிருந்து எழுகிறார்கள். எழுந்த அறையிலேயே சக ஊழியர் ஒருவர் பிணமாகக் கிடக்கிறார். கலத்துக்குள் அன்னிய உயிரிகள் நுழைந்திருக்கின்றன. கலம் சரியான கோளை நோக்கிப் போகிறதா, மூன்று எஞ்சின்களில் குறைந்தது இரண்டு ஓடுகின்றனவா என்பவற்றை யாராவது போய்ப் பார்த்தால்தான் தெரியும். பார்த்தவர் மற்றவர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

குறிக்கோள் அட்டைகளில் இரண்டு கட்டுகள் உண்டு: ஒன்று தனிப்பட்ட குறிக்கோள்கள், மற்றது நிறுவனக் குறிக்கோள்கள். அட்டைகளில் ஆட்டக்காரர் எண்ணிக்கை குறிக்கப்பட்டிருக்கும். மூன்று பேர் ஆடும்போது நான்கு பேருக்கும் ஐந்து பேருக்குமான அட்டைகளை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் பலர் விட்டுவிடும் வேலை இது. விட்டுவிட்டால், மேசையில் இல்லாத ஐந்தாம் ஆட்டக்காரர் சாக வேண்டும் என்ற குறிக்கோளை வைத்துக்கொண்டு ஒருவர் விழித்துக்கொண்டிருக்க நேரும். பிறகு ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஆளுக்கொன்று வீதம் இரண்டு அட்டைகள் கிடைக்கும். சமிக்ஞை அனுப்ப வேண்டும், கலம் பூமியை அடைய வேண்டும், உயிரிகளின் கூட்டை அழிக்க வேண்டும், இன்ன எண் கொண்ட ஆட்டக்காரர் உயிர் பிழைக்கக் கூடாது என்பது போன்றவை அவற்றில் இருக்கும். பொதுவாக நிறுவனக் கட்டில்தான் விஷம் அதிகம்.

முதல் அன்னிய உயிரி பலகையின் மேல் தோன்றிய அந்த நொடியில், மேசையில் இருக்கும் அனைவரும் இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை முகம் கவிழ்த்துக் கழித்துவிட வேண்டும். நாங்கள் தவறியது இங்கேதான். அவரவர் பாத்திரம் உயிரியை நேருக்கு நேர் சந்திக்கும்போது அவரவர் தேர்ந்தெடுத்தால் போதும் என்று நினைத்து ஆடினோம். அதனால் சத்தமில்லாத மூலையில் பதுங்கியவர்கள் இரண்டு அட்டைகளையும் கடைசிவரை வைத்திருந்து, கலம் எங்கே போகிறது, யார் செத்தார்கள் என்பதெல்லாம் தெரிந்த பிறகு சுலபமானதைத் தேர்ந்தெடுத்தார்கள். அது பரீட்சை எழுதி முடித்த பிறகு கேள்வித்தாளைத் தேர்ந்தெடுப்பது போலத்தான். கூடு எந்த அறையில் இருக்கிறது, கலத்தின் திசை என்ன, எந்த எஞ்சின் பழுது என்று எதுவுமே தெரியாத நிலையில் ஒன்றை இழக்க வைப்பதே அந்த விதியின் நோக்கம்.

வெற்றி தனித்தனியாகவே கணக்கிடப்படும். குறிக்கோள் நிறைவேறியிருக்க வேண்டும், பாத்திரமும் உயிரோடு இருக்க வேண்டும். அதற்கு உறக்க அறையில் படுத்தோ தப்பிக்கும் கலனில் ஏறியோ பிழைத்து, இறுதியில் தொற்றுச் சோதனையையும் தாண்ட வேண்டும். நான்கு பேரும் வெல்லலாம், ஒருவர் மட்டும் வெல்லலாம், ஒருவருமே வெல்லாமலும் போகலாம். ஒருவரின் அட்டையை மற்றவர் பார்க்கக் கூடாது. ஆனால் வாயால் எதையும் சொல்லலாம், பொய்யும் சொல்லலாம். ஒருவரை மற்றவர் நேரடியாகத் தாக்க முடியாது. கதவைச் சாத்திவிட்டுப் போகலாம், உதவிக்கு வராமல் இருக்கலாம், எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்று கூசாமல் சொல்லிவிட்டு நகரலாம். ஒருவரைக் கொல்ல வேண்டியிருந்தாலும் அதைக் கலமும் உயிரிகளும்தான் செய்து தர வேண்டும்.

சரி, இந்த ரகசியம் எதற்கு? 2008-இல் வெளியான ‘பாண்டமிக்’ போன்ற, முழுவதும் கூட்டாக ஆடும் விளையாட்டுகளை ஆடியவர்களுக்கு ஒரு தொல்லை தெரிந்திருக்கும். நோக்கம் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால், விவரம் தெரிந்த ஒருவர் நாட்டாமையாக உட்கார்ந்து, நீ இங்கே போ, நீ அதை எடு என்று அனைவருடைய முறையையும் தானே ஆடிவிடுவார்; மற்றவர்கள் காய் நகர்த்தும் கைகளாக மட்டும் இருப்பார்கள். (எங்கள் வட்டத்தில் அந்த நாட்டாமை பெரும்பாலும் நான்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) ஒவ்வொருவர் கையிலும் மற்றவருக்குத் தெரியாத ஒரு குறிக்கோள் வந்துவிட்டால், நாட்டாமையின் சொல்லை ஒருவர் மறுப்பதற்குக் காரணம் கிடைக்கிறது, அந்தச் சொல்லையே சந்தேகிப்பதற்கும் காரணம் கிடைக்கிறது.

துரோகத்தை உண்டாக்கத்தான் இந்த அட்டைகள் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. கையில் வைத்துக்கொண்ட அட்டையைவிட, கழித்துவிட்ட அட்டைதான் அதிக வேலை செய்கிறது என்பது என் அனுபவம்.

நால்வராக ஆடிய ஓர் ஆட்டத்தில் நான் விஞ்ஞானி, என் தம்பி மூன்றாம் ஆட்டக்காரன், படைவீரன். எனக்கு வந்த தனிப்பட்ட அட்டை சமிக்ஞை அனுப்பிக் கூட்டை அழிக்கச் சொன்னது. நிறுவன அட்டை மூன்றாம் ஆட்டக்காரர் பிழைக்கக் கூடாது என்றது. இரண்டாம் சுற்றிலேயே முதல் உயிரி வந்துவிட்டது. கூடு எங்கே என்று அப்போது யாருக்கும் தெரியாது, ஆகவே கொலை அட்டை சுலபமாகத் தோன்றியது. ஆனாலும் கூட்டை அழிக்கும் அட்டையையே வைத்துக்கொண்டு மற்றதைக் கவிழ்த்தேன். அதற்கு எனக்கு அரை நிமிடம் பிடித்தது. அந்த அரை நிமிடத்தில் என் கண் இரண்டு முறை தம்பியின் பக்கம் போய் வந்ததை அவன் கவனித்துவிட்டான்.

அதன் பிறகு நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. இரண்டாம் எஞ்சினைப் பார்த்துவிட்டு அது ஓடுகிறது என்று உண்மையைத்தான் சொன்னேன். அவன் நம்பாமல் தானே பார்க்கக் கிளம்பினான். இந்த விளையாட்டில் ஒவ்வோர் அடிக்கும் கையிலிருந்து அட்டையைக் கழிக்க வேண்டும் என்பதால், எஞ்சின் அறையை நெருங்கும்போது அவனிடம் ஒரே ஓர் அட்டைதான் மீதி இருந்தது. அங்கே சத்தத்துக்காக உருட்டிய பகடை காலை வாரி, உயிரி ஒன்று வந்துவிட்டது. எந்த உயிரி என்று காட்டப் பையிலிருந்து எடுக்கும் வில்லையின் எண் கையிலிருக்கும் அட்டைகளின் எண்ணிக்கையைவிடப் பெரியதாக இருந்தால் உயிரி உடனே பாயும், அப்படியே பாய்ந்தது. ஏற்கெனவே இரண்டு பலத்த காயங்களோடு இருந்தவன் அங்கேயே விழுந்தான். முதல் ஆள் இறந்ததும் தப்பிக்கும் கலன்களின் பூட்டு தானாகவே திறந்துகொள்ளும் என்பது விதி. கூட்டைத் தனியாக அழிக்க வழியில்லாத நான் அதில் ஏறி உயிரை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன். குறிக்கோள் நிறைவேறாததால் எனக்கும் தோல்விதான். முடிவில் அட்டைகளைத் திருப்பினோம். கலம் பூமியை அடைய வேண்டும் என்பதே தம்பியின் குறிக்கோள். கலம் பூமியை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. அவன் துப்பாக்கியோடு என்னுடன் கூட்டுக்கு வந்திருந்தால், இருவரும் உறக்க அறையில் அடுத்தடுத்துப் படுத்து இருவருமே வென்றிருக்கலாம். ஆட்டத்திலிருந்தே போய்விட்ட ஒரு காகிதத்துக்குப் பயந்து அவன் செத்தான்.

2014-இல் பிளெயிட் ஹேட் கேம்ஸ் வெளியிட்ட ‘டெட் ஆஃப் வின்டர்’ இதே சந்தேகத்தை எண்ணிக்கையால் உண்டாக்குகிறது. உறைபனிக்கும் உயிர்த்தெழுந்த பிணங்களுக்கும் நடுவே ஒரு குடியிருப்பைக் காப்பாற்றும் விளையாட்டு அது. ஆளுக்கு இரண்டு வீதம் சாதாரண ரகசிய அட்டைகளை எடுத்து, அவற்றோடு ஒரே ஒரு துரோக அட்டையைச் சேர்த்துக் கலைத்து, ஆளுக்கொன்று கொடுக்கிறார்கள். நான்கு பேர் என்றால் ஒன்பது அட்டைகளில் நான்கு மட்டும் கைக்கு வரும். துரோகி மேசையில் இருப்பதற்கான வாய்ப்பு ஒன்பதில் நான்கு, அதாவது ஏறக்குறைய 44 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் துரோகியே கிடையாது. ஆனால் நல்லவர்களும் பொதுக் குறிக்கோளோடு தங்கள் ரகசியக் குறிக்கோளையும் முடித்தால்தான் வெல்ல முடியும் என்பதால், மருந்தையோ எரிபொருளையோ கையில் பதுக்கும் கட்டாயம் அவர்களுக்கும் வரும். பதுக்குகிறவரைப் பார்த்தால் துரோகி போலத்தான் தெரியும். வாக்கெடுத்து அவரை வெளியேற்றலாம். ஆனால் துரோகி அல்லாத இருவரை அப்படி வெளியேற்றிவிட்டால் குடியிருப்பின் மனஉறுதி பூச்சியமாகி ஆட்டம் அதோடு முடிந்துவிடும். தண்டனை இவ்வளவு கடுமையாக இருப்பதால்தான் சந்தேகம் வெறும் கூச்சலாகப் போகாமல் கணக்காக மாறுகிறது. விதி என்ற அளவில் இது நெமசிஸைவிடச் சுத்தமானது என்றே நினைக்கிறேன்; தேர்ந்தெடுக்கும் வேதனை மட்டும் இதில் இல்லை.

எந்த அட்டையை வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கும் பயன்படும் வேலையைக் கேட்கும் அட்டை இருந்தால் அதையே வைத்துக்கொள்கிறேன். சமிக்ஞை அனுப்புவது, எஞ்சினைப் பழுது பார்ப்பது, கலத்தின் திசையைச் சரிசெய்வது போன்றவற்றை எல்லோர் கண்முன்னும் செய்யலாம். கேட்டால் உதவியும் கிடைக்கும். ஒருவர் சாக வேண்டும் என்ற அட்டை, அந்த ஆள் தொடக்கத்திலேயே தனியாகத் தொலைதூர அறைக்குப் போயிருந்தால் மட்டும் மதிப்புடையது. இரண்டில் எதை வைத்துக்கொண்டாலும், அட்டைகள் கைக்கு வந்தவுடனேயே இரண்டையும் ஒருமுறைக்கு இருமுறை படித்து, எந்த நிலையில் எதைக் கழிப்பது என்று மனத்துக்குள் முடிவு செய்து வையுங்கள்; முதல் உயிரி வந்த பிறகு யோசிக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் தோல்வியை மறுநாள் வரைக்கும் இழுத்துச் செல்கிறவர்கள் இருந்தால், நெமசிஸை ரகசியமில்லாமல், அனைவரும் சேர்ந்து குறிக்கோள்களை நிறைவேற்றும் முறையிலும் ஆடலாம். விதிநூலிலேயே அதற்கு வழி இருக்கிறது. தம்பியோடு நான் இப்போது அப்படித்தான் ஆடுகிறேன். எஞ்சின் ஓடுகிறது என்று நான் சொன்னால், அவன் இன்னமும் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறான்.